கணினியில் வாட்ஸ்அப்: இணையாதபோதும் இணைந்தபின் அறுந்துபோகும்போதும் பார்க்க வேண்டியவை

நவம்பர் நடுவில் சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும்போதும், அறுவடை முடிந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குச் சிட்டாவும் அடங்கலும் நகலெடுக்க வேண்டியிருக்கும்போதும், நீடாமங்கலத்தில் என்னுடைய நகலகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் காகிதம் எதையும் கொண்டுவருவதில்லை. வேண்டியதெல்லாம் கைபேசியின் வாட்ஸ்அப்பில் இருக்கிறது, அதைக் கணினிக்குக் கொண்டுவந்து அச்சிட்டுத் தர வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் கணினியில் வாட்ஸ்அப் இணையாது. ரயில்வே கேட் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும் என்று வண்டியைத் தெருவோரம் நிறுத்திவிட்டு வந்தவர் பொறுமை இழந்துவிடுவார். ஒரே கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் பழகிப்போன வரிசையை இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலிலும் பணம் பிடிக்கும் காரணம் கடைசியிலும் இருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. கணினியில் வாட்ஸ்அப் வரவில்லை என்பதற்காகக் கைபேசியில் இருக்கும் வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மீண்டும் ஏற்றாதீர்கள். கணினிப் பக்கத்துக் கோளாறுக்கு அது தேவைப்பட்டதை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை. ஆனால் காப்புப் பிரதி எடுக்காமல் அப்படி நீக்கியதால் இரண்டு போகத்துக் கொள்முதல் கணக்கு முழுவதையும் பறிகொடுத்துவிட்டு வந்து நின்ற நெல் வியாபாரி ஒருவரைக் கண்டிருக்கிறேன்.

## முதலில் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கைபேசியிலிருந்து யாருக்காவது ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். அதுவே போகவில்லை என்றால் கணினியை விட்டுவிட்டுக் கைபேசியின் இணையத்தையும் ரீசார்ஜையும் பாருங்கள். கைபேசியில் செய்தி போகிறது என்றால், கணினியின் உலாவியில் வேறு ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் அடுத்த தலைப்புக்குச் செல்லுங்கள். மற்றத் தளங்களெல்லாம் திறந்து வாட்ஸ்அப் மட்டும் மறுத்தால் அதற்கடுத்த தலைப்பைப் பாருங்கள்.

## எந்தப் பக்கமும் திறக்கவில்லை

கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கணினியை அதில் இணைத்துப் பாருங்கள். உடனே எல்லாம் திறந்துவிட்டால் கணினியில் குறையில்லை. இணைய இணைப்பில்தான் குறை. இழைவழி (ஃபைபர்) இணைப்பு வைத்திருப்பவர்கள், சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் இழை எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது என்று பொருள். நம் பக்கத்தில் மழைக்காற்றில் விழும் கிளையும், தெருவில் உயரமாகப் போகும் அறுவடை இயந்திரமும் அதற்குப் போதும். பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, இணைப்புத் தந்தவரைத்தான் அழைக்க வேண்டும். சிவப்பு விளக்கு இல்லையென்றால் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் கழித்துப் போடுங்கள்.

இடி மின்னலுக்கு மறுநாள் இந்தக் கோளாறு வந்து, கேபிள் செருகும் துளையருகே எரிய வேண்டிய சிறு விளக்கு எரியாமல் இருந்தால், முதலில் வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் எரியாவிட்டால் அந்தத் துளை கருகியிருக்கக்கூடும். கணினியைத் திறக்கத் தேவையில்லை. யூஎஸ்பியில் செருகும் வைஃபை துண்டு ஒன்றை வாங்கிப் போட்டால் வேலை நடக்கும். கணினியே தானாக அணைந்து அணைந்து எழுந்தால் மட்டும் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

## மற்றத் தளங்கள் திறக்கின்றன, வாட்ஸ்அப் பக்கம் மட்டும் திறக்கவில்லை

### 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை வருகிறது

கணினியின் வலப்பக்க மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடும். கணினி ஏதோ பழைய ஆண்டைக் காட்டிக்கொண்டிருந்தால், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடிக்கு வரவில்லை என்று உலாவி முடிவு செய்து கதவைச் சாத்திவிடும். சில தளங்கள் மட்டும் திறந்து சில மறுப்பதும் இதனால் நேரலாம், ஆகையால் தேதியின்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கடிகாரத்தின்மேல் வலச்சொடுக்கு செய்து தேதி அமைப்புக்குள் போய், நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் விசையை இயக்கி, நேர மண்டலம் இந்திய நேரமாக, அதாவது யூடிசி +5:30 ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரிசெய்த தேதி மறுநாள் காலையில் மீண்டும் பின்னோக்கிப் போயிருந்தால் கணினிக்குள் தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) இருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டது. இரவில் சுவர் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகும் கடைகளிலும், மின்தடை அதிகமான ஊர்களிலும், பழைய மேசைக்கணினிகளில் இது அடிக்கடி நேரும். நாணயம் போன்ற அந்த மின்கலத்தின் பெயர் சி.ஆர். 2032, அளவு 3 வோல்ட். கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், விலை ஒரு வேளைச் சாப்பாட்டைத் தாண்டாது. மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பழையது எந்தப் பக்கம் மேலாக இருந்ததோ அதே வாக்கில் புதியதை வைக்க வேண்டும். திருகாணி பிடிக்கப் பழகாதவர்களும் மடிக்கணினி வைத்திருப்பவர்களும் இதை மட்டும் தெரிந்தவரிடம் விட்டுவிடலாம். மின்கலம் மாற்றுவதற்காக விண்டோஸையே புதிதாக ஏற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் வேறு கடைக்குப் போங்கள்.

### 'உலாவியைப் புதுப்பிக்கவும்' என்று கேட்கிறது

விண்டோஸ் 7 ஓடும் கணினி என்றால் காரணம் தெளிவானது. குரோம் உலாவியின் 109ஆம் பதிப்புதான் விண்டோஸ் 7க்குக் கடைசி; 2023 பிப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பு முதல் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். எனவே குரோமை எத்தனை முறை நீக்கி ஏற்றினாலும் அதே பதிப்பில்தான் வந்து நிற்கும். ஃபயர்பாக்ஸின் நீடித்த ஆதரவுப் பதிப்பான 115ஐ ஏற்றிப் பார்ப்பது செலவில்லாத அடுத்த படி. அதுவும் கைகொடுக்காவிட்டால் விண்டோஸை மாற்ற வேண்டும்; ஆனால் 2 ஜிபி நினைவகமே உள்ள கணினியில் அந்தச் செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

### பக்கம் வெறுமையாக நிற்கிறது, அல்லது வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது

கண்ட்ரோல், ஷிப்ட், ஆர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்திப் பக்கத்தை அடியோடு புதுப்பியுங்கள். பிறகு குரோமில் கண்ட்ரோல், ஷிப்ட், என் விசைகளால் மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தைத் திறந்து அதில் முயலுங்கள். மறைநிலையில் திறந்து சாதாரண சாளரத்தில் மறுத்தால், உலாவியில் கூடுதலாகச் சேர்த்த நீட்சிகளில் ஒன்றோ உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய தரவோதான் குற்றவாளி: விளம்பரத் தடுப்பான் முதலிய நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள், அதன்பின் வாட்ஸ்அப் தளத்துக்கு உரிய தரவை மட்டும் அழியுங்கள். சி டிரைவ் நிரம்பியிருந்தாலும் இதே அறிகுறி வரும், ஏனென்றால் செய்திகளின் பிரதியை உலாவி அங்கேதான் எழுதுகிறது. அந்த டிரைவின் அளவுப் பட்டை சிவப்பாகத் தெரிந்தால் மற்ற எதையும் செய்வதற்கு முன் இடத்தைக் காலி செய்யுங்கள்.

'வேறொரு சாளரத்தில் வாட்ஸ்அப் திறந்திருக்கிறது' என்று வந்தால் அது பிழையே அல்ல. 'இங்கே பயன்படுத்து' என்பதை அழுத்தினால் போதும்.

## க்யூஆர் கோடு இணைய மறுக்கிறது

எதைக் கொண்டு ஸ்கேன் செய்கிறீர்கள் என்று முதலில் கேட்பேன். கடைக்குக் கடை பணம் செலுத்திப் பழகிய கை, கோட்டைப் பார்த்தவுடன் பணம் செலுத்தும் செயலியைத் திறந்துவிடுகிறது. அதில் இது செல்லாது என்றுதான் வரும். வாட்ஸ்அப்புக்குள்ளேயே, ஆண்ட்ராய்டில் மேல் மூலையின் மூன்று புள்ளிகளையும் ஐபோனில் அமைப்புகளையும் தொட்டு, 'லிங்க்டு டிவைசஸ்' என்ற பகுதிக்குப் போக வேண்டும். வாட்ஸ்அப்பைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு அது 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்று தெரியும். அங்கே சாதனத்தை இணைக்கச் சொன்னதும் கைபேசி விரல்ரேகையையோ திரைப்பூட்டையோ கேட்கும். பிள்ளைகள் போட்டுக்கொடுத்த பூட்டெண்ணை அறியாத பெரியவர்கள் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள், அதையும் கணினியின் கோளாறாகவே எண்ணிக்கொள்கிறார்கள்.

கேமரா திறந்தும் பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியை வேட்டி நுனியால் ஒருமுறை துடைத்துவிட்டு, கணினித் திரையின் வெளிச்சத்தைக் கூட்டி, உலாவியின் அளவை நூறு விழுக்காட்டில் வையுங்கள். திரையின் நிறங்களைக் கறுப்பாகத் திருப்பும் நீட்சி இருந்தால் அதை நிறுத்துங்கள். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிய கோட்டைக் கைபேசி தடுமாறியே படிக்கும். வெகுநேரம் விட்டுவைத்த கோடு காலாவதியாகியிருக்கும், அதன் நடுவில் தெரியும் அம்புக்குறியைச் சொடுக்கிப் புதிய கோட்டை வரவழையுங்கள்.

பிடித்தபின் 'இணைக்க முடியவில்லை' என்று வந்தால் கைபேசியின் வாட்ஸ்அப் பழைய பதிப்பாக இருக்கலாம். பிளே ஸ்டோரில் புதுப்பிக்கப் போனால் இடமில்லை என்று சொல்லும், ஏனென்றால் காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் நினைவகத்தை நிரப்பியிருக்கும். அதற்காக வாட்ஸ்அப்பை நீக்கிவிடாதீர்கள்: அமைப்புகளில் சேமிப்பகம் என்ற பகுதிக்குள் சென்றால் எந்த உரையாடல் எவ்வளவு இடத்தை எடுத்திருக்கிறது என்று அதுவே வரிசையாகக் காட்டும், பெரியவற்றை மட்டும் பொறுக்கி அழித்துவிட்டுப் புதுப்பிக்கலாம்.

கேமராவே பழுதாகியிருந்தால் கோடு இல்லாமலும் இணைக்க முடியும். கணினியில் 'தொலைபேசி எண்ணால் இணை' என்பதைத் தேர்ந்து எண்ணைக் கொடுத்தால் எட்டு எழுத்துகள் கொண்ட ஒரு குறியீடு தோன்றும், அதைக் கைபேசியில் தட்ட வேண்டும். உங்கள் கண்ணெதிரே இருக்கும் கணினியில் தோன்றிய குறியீட்டை மட்டுமே இப்படித் தட்டலாம். யாரோ தொலைபேசியில் சொன்ன எட்டு எழுத்துகளைத் தட்டினால், உங்கள் வாட்ஸ்அப் அவருடைய கணினியில் திறந்துகொள்ளும்.

## இணைந்தது, ஆனால் தானாக வெளியேறிவிடுகிறது

உலாவியை மூடும்போதெல்லாம் வெளியேறினால், உள்நுழைந்ததை நினைவில் வைக்கும் குக்கீகளை மூடும்போது அழித்துவிடும்படி உலாவியிலோ தூய்மைப்படுத்தும் மென்பொருளிலோ யாரோ அமைத்திருக்கிறார்கள். மறைநிலைச் சாளரத்தில் இணைத்திருந்தாலும் அப்படியே ஆகும். பொதுக் கணினியில் அது குறையல்ல, காப்பு. என் கடையில் வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப்பை மறைநிலையில்தான் திறக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியேறினால் காரணம் வேறு. 2021இல் பல சாதன வசதி சோதனையாக வந்ததிலிருந்து கைபேசி அணைந்திருந்தாலும் கணினியில் வாட்ஸ்அப் ஓடும், ஆனால் கைபேசியை 14 நாட்கள் பயன்படுத்தாமல் விட்டால் இணைத்த சாதனங்கள் எல்லாம் கழன்றுவிடும். அரவை ஆலைகளிலும் உரக்கடைகளிலும் கடையின் எண்ணை ஒரு பழைய கைபேசியில் போட்டுப் பீரோவுக்குள் வைத்துவிட்டுக் கணினியில் மட்டும் புழங்குவது வழக்கம். கணினி நேற்றுவரை ஓடியதே என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். வாரம் ஒருமுறை அந்தக் கைபேசிக்கு மின்னேற்றி, இணையத்தைப் போட்டு, வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்தால் இது வராது.

ஒரு கைபேசியோடு நான்கு சாதனங்கள் வரைதான் இணைக்க முடியும். ஐந்தாவதை இணைக்கும்போது ஏதாவது ஒன்றை விடச் சொல்லும், வீட்டில் ஒருவர் விட்டதுதான் கடையில் அறுந்ததாகத் தெரியும். எண்ணைப் புதிய கைபேசிக்கு மாற்றிப் பதிவு செய்தாலும் பழைய இணைப்புகள் அனைத்தும் போய்விடும், மீண்டும் இணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இவற்றில் எதுவுமே பொருந்தாமல் ஒரே நாளில் பலமுறை வெளியேறுகிறது என்றால், கடைசித் தலைப்பை உடனே படியுங்கள்.

## பழைய செய்திகள் தெரியவில்லை, அல்லது 'இந்தச் செய்திக்காகக் காத்திருக்கிறது' என்று வருகிறது

இணைத்த உடனே கைபேசி அண்மைக் காலச் செய்திகளைக் கணினிக்கு அனுப்பத் தொடங்கும், அது முடியும்வரை கைபேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்தபடி, திரை அணையாமல், நல்ல இணையத்தில் வைத்திருங்கள். மிகப் பழைய செய்திகள் கணினிக்கு வருவதே இல்லை; மூன்று ஆண்டுக்கு முந்தைய ரசீதைக் கைபேசியில் தேடி எடுத்து உங்களுக்கே மறுபடி அனுப்பிக்கொள்வதுதான் குறுக்கு வழி. 'காத்திருக்கிறது' என்ற வரி வந்தால் உங்கள் கைபேசியில் வாட்ஸ்அப்பைத் திறங்கள், முடிந்தால் அனுப்பியவரையும் அவருடையதில் திறக்கச் சொல்லுங்கள். ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பிய படம் கணினியில் திறக்காது. அதைச் சரிசெய்ய முயல வேண்டாம்.

## கோப்பு வந்தது, ஆனால் மங்கலாக அச்சாகிறது அல்லது திறக்கவில்லை

பட்டாவைப் படம் பிடித்துச் சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், திரையில் நன்றாகத் தெரிந்தாலும் தாளில் சர்வே எண் கரைந்துபோகும். அச்சுப்பொறியைத் திட்டுவதற்கு முன், இணைப்பு ஊசியைத் தொட்டு 'டாக்குமெண்ட்' என்ற வழியாக அதே படத்தை மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள். அந்த வழியில் கோப்பு சுருங்காது, 2 ஜிபி வரை செல்லும்.

ஆதார் பிடிஎஃப் கடவுச்சொல் கேட்பதும் வாட்ஸ்அப்பின் பிழையல்ல. பெயரின் முதல் நான்கு எழுத்துகளை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டி, தொடர்ந்து பிறந்த ஆண்டைத் தட்டினால் திறக்கும். சேமித்த கோப்பைக் காணோம் என்றால் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையைத் தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள்.

## தமிழ் எழுத்துகள் குழம்பித் தெரிகின்றன

இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிந்தால் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை அல்லது கெட்டிருக்கிறது. பழைய விண்டோஸில் 'லதா', விண்டோஸ் 8 முதல் 'நிர்மலா யுஐ' என்ற எழுத்துரு இருக்க வேண்டும். எழுத்துருக் கோப்புறையில் அது இல்லையென்றால், அமைப்புகளின் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து அதற்குரிய எழுத்துருக்களை இறக்குங்கள்.

கட்டங்கள் அல்லாமல் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த பொருளற்ற வரி தெரிந்தால் அது எழுத்துருக் குறைபாடே அல்ல. கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் திருமண அழைப்பிதழ் அச்சிடும் இடங்கள் பலவற்றில் இன்றும் பாமினி, வானவில் போன்ற பழைய முறைகளில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அவற்றில் திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்தாகவே இருக்கிறது, எழுத்துரு மட்டும் அதற்குத் தமிழ் வேடம் போடுகிறது. அந்த உரையை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டியவுடன் வேடம் கலைந்துவிடும். வாட்ஸ்அப்புக்குள் எழுத்துருவை மாற்றும் வழியைத் தேடி நேரத்தை வீணாக்காமல், பழைய முறைத் தமிழை எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றித் தரும் ஒருங்குறி மாற்றியில் அந்த உரையை இட்டு, மூல முறை பாமினியா வானவில்லா என்று சரியாகத் தேர்ந்து மாற்றிய பிறகு ஒட்டுங்கள். மூல முறையைத் தவறாகத் தேர்ந்தால் உரை பாதி மட்டும் தமிழாகி மேலும் குழப்பும். அழைப்பிதழைப் பார்வைக்கு மட்டும் அனுப்புவதானால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது இதைவிடச் சுலபம்.

## செய்தி வந்தும் ஒலி இல்லை, குரல் பதிவாகவில்லை

முகவரிப் பட்டியின் இடப்பக்க முனையில் இருக்கும் சிறு குறியைச் சொடுக்கி, அறிவிப்பும் ஒலிவாங்கியும் அந்தத் தளத்துக்கு அனுமதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு விண்டோஸின் தொந்தரவு தவிர்ப்பு முறை அணைந்திருக்கிறதா என்றும், தனியுரிமை அமைப்பில் ஒலிவாங்கி திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மேசைக்கணினியில் ஒலிவாங்கியே இருக்காது என்பதை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் தேடியவர்களில் நானும் ஒருவன். பேச்சு, வீடியோ அழைப்புகளுக்கு 2021 முதல் அந்த வசதி உள்ள விண்டோஸ் செயலியையே பயன்படுத்துங்கள், அதையும் மைக்ரோசாப்ட் ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள்.

## இணைத்த சாதனங்களின் பட்டியலில் தெரியாத ஒன்று இருக்கிறது

கைபேசியில் அந்தப் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு சாதனமும் கடைசியாக எப்போது இயங்கியது என்று தெரியும். ஊருக்குப் போயிருந்தபோது ஏதோ ஒரு கடையில் அச்செடுத்துவிட்டு வெளியேற மறந்ததாகவும் இருக்கலாம். எதுவானாலும் அதைத் தொட்டு வெளியேற்றுங்கள், சந்தேகமிருந்தால் எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு உங்களுடையதை மட்டும் புதிதாக இணையுங்கள். அடுத்து, கணக்கு அமைப்பில் இரண்டு படிச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்கப் பின் எண் ஒன்றை அமைத்து, அதைக் கைபேசிக்குள் எழுதி வைக்காமல் வேறெங்காவது எழுதி வையுங்கள். கணினியில் முகவரியைத் தேடிச் சொடுக்காமல் 'வெப் டாட் வாட்ஸ்அப் டாட் காம்' என்பதை ஆங்கிலத்தில் நீங்களே தட்டுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரங்களில் போலித் தளங்களும் உண்டு, அவை காட்டும் கோட்டை ஸ்கேன் செய்தால் உங்கள் வாட்ஸ்அப் திறப்பது அந்நியரிடத்தில்.

வெளியேற்றிய பின்னும் அந்தச் சாதனம் திரும்ப வந்தாலோ, உங்கள் பெயரில் உறவினர்களிடம் பணம் கேட்டுச் செய்தி போயிருந்தாலோ, இனிக் கணினிக் கடைக்காரர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், அந்தச் செய்திகளை அழிக்காமல் திரையைப் படமெடுத்து (ஸ்கிரீன்ஷாட்) வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள்.